எஸ்க்ரிமா பயிற்சிக்கு என்ன கையுறை வாங்குவது? திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பிலிப்பீன்ஸ் குச்சிச் சண்டைக்கு எஸ்க்ரிமா, அர்னிஸ், காலி என்று பல பெயர். எந்தப் பெயரில் நடக்கும் வகுப்பில் சேர்ந்தாலும், ஜோடிப் பயிற்சி தொடங்கிய கொஞ்ச நாளில் விரலைத் தேய்த்துக்கொண்டே எல்லோரும் கேட்பது கையுறையைப் பற்றித்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்ததை எழுதிவைக்கிறேன். எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே கையுறையைத் தேடி வந்திருந்தால், அப்படி ஒன்று இல்லை. என்ன குச்சி, எவ்வளவு வேகம், எதிரில் யார் என்பதைப் பொறுத்துத்தான் கையுறை.

கையுறை நிஜமாவே வேணுமா? பழைய ஆசான்கள் வெறுங்கையோடதானே ஆடினாங்க?

இந்தக் கலையில் கைதான் முதல் இலக்கு. தலைக்கும் விலாவுக்கும் போவதற்கு முன்பே, ஆயுதம் பிடித்திருக்கும் கையை அடித்து ஆயுதத்தை விழவைக்கப் பார்ப்பார்கள். பாம்பின் பல்லைப் பிடுங்குவது என்று இதைச் சொல்வார்கள். ஆக, கையில் அடி விழுவது எப்போதோ நடக்கிற விபத்து இல்லை, பாடத்திலேயே உள்ளது.

பழைய ஆட்கள் வெறுங்கையோடு ஆடினார்கள், சரி. அதற்கு விலையும் இருந்தது. மாடர்ன் அர்னிஸ் முறையை உருவாக்கிய ரெமி பிரெசாஸ் (1936–2001), பயிற்சியில் கையை அடிக்கும் வழக்கத்தை மாற்றி, குச்சியோடு குச்சி மோதும்படி வைத்தார். கைவலி தாங்காமல் மாணவர்கள் விலகிப் போனதுதான் காரணம். இலக்கை மாற்றுவது ஒரு வழி, கையை மூடுவது இன்னொரு வழி. கையை நோக்கியே அடித்துப் பழக வேண்டும் என்றால் மூடித்தான் ஆக வேண்டும்.

முதல் வகுப்புக்கே வாங்கிட்டு வரணுமா?

வேண்டாம். ஆரம்பத்தில் தனியாகக் குச்சி வீசுவது, கால் நகர்த்துவது, மெதுவான சினாவாலி (இரண்டு குச்சியும் மாறி மாறிப் பின்னிக்கொள்ளும் ஜோடிப் பயிற்சி) இவ்வளவுதான் இருக்கும். குச்சியைப் பிடிக்கும் விதமும், அடியை நினைத்த இடத்தில் நிறுத்தும் கட்டுப்பாடும் வெறுங்கையில்தான் ஒழுங்காக வரும். முதல் நாளே தடித்த கையுறை மாட்டிக்கொண்டவர்கள் குச்சியைக் கட்டை போல இறுக்கிப் பிடித்துப் பழகிவிடுகிறார்கள்.

ஒன்று மட்டும் முதல் நாளிலிருந்தே செய்யுங்கள்: மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். விரல் வீங்கிவிட்டால் மோதிரம் கழலாது, இரத்த ஓட்டம் தடைபடும், கடைசியில் அதை வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும்.

கையில எந்த இடத்துல அதிகமா அடி படும்?

ஒரு கையில் 27 எலும்புகள், அதில் 14 விரல்களில். விரலின் முதுகுப் பக்கம் எலும்புக்கு மேலே தோலும் தசைநாணும்தான் இருக்கின்றன, அடியை வாங்கிக்கொள்ளச் சதை இல்லை. அடி அதிகம் விழுவது கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரல் முட்டியிலும். குச்சியின் வீச்சுப் பகுதிக்குப் பக்கத்தில் இருப்பவை இவைதான், எதிராளியின் குச்சி உங்கள் குச்சியில் வழுக்கி இறங்கினாலும் முதலில் வந்து மோதுவது இவற்றில்தான்.

பலர் எதிர்பார்க்காத இடம் விரல் நுனிகள். வலக்கையால் வலப்பக்கமிருந்து வீசும்போது உங்கள் உள்ளங்கைப் பக்கம் எதிராளியைப் பார்க்கும். அப்போது குச்சியைச் சுற்றி மடங்கியிருக்கும் நகங்களும் அவரைப் பார்த்தபடிதான் இருக்கும். பெரும்பாலான கையுறைகள் விரலின் முதுகை மட்டும் மூடி, நுனியைத் திறந்தே விட்டுவிடுகின்றன. இதுபோக மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு முடிச்சு ஒன்று உண்டு. அங்கே ஒரு தடவை பட்டால், நீளமான கைப்பட்டி வைத்த கையுறை ஏன் வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வீட்ல பைக் கையுறை இருக்கு, ஜிம் கையுறை இருக்கு. அதை வச்சு ஓட்டலாமா?

மெதுவான சினாவாலியில் தோல் உரியாமல் இருக்க ஓட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். பைக் கையுறையின் முட்டியில் இருக்கும் கெட்டி ஓடு, விழுந்து சாலையில் தேயும்போது காப்பதற்கானது. விரல்களிலும் கட்டைவிரலிலும் பெரும்பாலும் மெல்லிய தோல்தான். ஜிம் கையுறையில் பாதி விரலே வெளியே. தோட்ட வேலைக் கையுறை சிராய்ப்பை மட்டும் தடுக்கும். குத்துச்சண்டைக் கையுறை மாட்டினால் குச்சியையே பிடிக்க முடியாது.

எனக்கு இதில் பிடிக்காத விஷயம் வேறு. கையில் ஏதோ ஒன்று மாட்டியிருப்பதைப் பார்த்ததும் எதிரில் இருப்பவர் தன்னை அறியாமலே வேகத்தைக் கூட்டிவிடுவார். வெறுங்கை என்றால் பயந்து பயந்துதான் அடிப்பார். அரைகுறைக் கையுறை வெறுங்கையைவிட ஆபத்தாவது அப்படித்தான்.

கிரிக்கெட் பேட்டிங் கையுறை போதாதா? அதுவும் கெட்டியாத்தானே இருக்கு?

பார்க்க அப்படித்தான் தெரியும். ஆனால் கிரிக்கெட் பந்து கிட்டத்தட்ட ஒரே திசையிலிருந்து வருகிறது, அதன் குறுக்களவு 7 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். பேட்டிங் கையுறையின் விரல்களில் உருளை உருளையாக மெத்தை வைத்து இடையில் மடிப்பு விட்டிருப்பார்கள். அவ்வளவு பெரிய பந்து அந்த மடிப்புக்குள் இறங்காது. பிரம்புக் குச்சியின் தடிமன் 2 முதல் 3 செ.மீ. தான், எந்தக் கோணத்திலும் வரும். மடிப்புக்கு நேராக விழுந்தால் இரண்டு உருளைகளுக்கு நடுவே இருக்கும் எலும்பைத் தேடிப்பிடித்து அடித்தது போல ஆகிவிடும்.

இன்னொன்று, பேட்டிங் கையுறையில் இரண்டு கைக்கும் ஒரே பாதுகாப்பு இருக்காது. மட்டையின் கீழ்ப்பக்கம் பிடிக்கும் கையின் கட்டைவிரலுக்குத்தான் கூடுதல் கவசம், மேல்கைக்குக் குறைவு. இரட்டைக் குச்சி ஆடும்போது அந்த மேல்கையின் கட்டைவிரல்தான் மாட்டிக்கொள்ளும். மெத்தை சுற்றிய குச்சிக்கு இது தாராளமாகப் போதும். வெறும் பிரம்புக்கு, முக்கால் வேகம் வரைக்கும்கூட நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஐஸ் ஹாக்கி கையுறையா, லக்ராஸ் கையுறையா? ரெண்டையும் நல்லதுன்னு சொல்றாங்க.

இரண்டுமே நல்லவைதான். லக்ராஸ் என்பது நுனியில் வலை கட்டிய மட்டையால் பந்தைப் பிடித்து எறியும் ஆட்டம். அந்த ஆட்டங்களிலும் எதிராளியின் மட்டை கையில் வந்து விழும், அதை மனதில் வைத்தே கையுறையைச் செய்திருக்கிறார்கள். குச்சிச் சண்டைக்காரர்கள் உலகம் முழுக்க இவற்றைக் கடன் வாங்கிக்கொண்டது அதனால்தான்.

ஐஸ் ஹாக்கி கையுறையில் நுரைக்கு மேலோ உள்ளேயோ கெட்டி பிளாஸ்டிக் தகடு இருக்கும், கட்டைவிரல் பின்னால் வளையாதபடி இறுக்கமாக இருக்கும். கனமான அடிக்கு இதுதான் மேல். லக்ராஸ் கையுறை இன்னும் வளையும், காற்றோட்டம் அதிகம், மணிக்கட்டு சுலபமாகச் சுழலும். அதற்கு ஈடாக விரல் மெத்தை துண்டு துண்டாக இருப்பதால் கிரிக்கெட் கையுறைக்குச் சொன்ன மடிப்புப் பிரச்சினை கொஞ்சம் இதிலும் உண்டு. தினசரிப் பயிற்சிக்கு லக்ராஸ், வாராவாரம் முழு வேகத்தில் மோதுபவர்களுக்கு ஹாக்கி என்பது என் கருத்து. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஹாக்கி. அது முரண்டு பிடித்தாலும் நாளாக நாளாக இளகிக் கொடுக்கும், எலும்பு அப்படி இளகாது. இரண்டிலுமே விரல் நுனி பலவீனமான இடம் என்பதை மறக்க வேண்டாம்.

ஐரோப்பிய வாள் சண்டைக்காரங்க ரோபோ கை மாதிரி ஒண்ணு போடறாங்களே, அது இன்னும் பாதுகாப்பு இல்லையா?

பாதுகாப்புதான், சந்தேகமே இல்லை. இரும்பு வாளை எதிர்பார்த்துச் செய்ததாயிற்றே. பிளாஸ்டிக் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, நல்ல மாதிரிகளில் விரல் நுனியையும் முழுக்க மூடிவிடும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை இரண்டு கையால் பிடிக்கும் நீள வாளை மனதில் வைத்தவை. ஒற்றைக் கையால், மணிக்கட்டைச் சுழற்றி, நொடிக்கு நொடி கோணம் மாற்றும் குச்சி வேலைக்குக் கனமாகவும் மொத்தையாகவும் படும். நான்கு விரலும் ஒரே பையில் போகும் வகையைத் தவிர்த்து, ஐந்து விரலும் தனித்தனியாக இருப்பதைப் பாருங்கள்.

கெண்டோ என்ற ஜப்பானிய வாள் பயிற்சியில் போடும் கோத்தே கையுறை பற்றியும் கேட்கிறார்கள். மூங்கில் வாளால் மணிக்கட்டுப் பகுதியில் விழும் அடிக்காக அமைந்தது அது, அங்கே நன்றாகத் தாங்கும். விரல் நுனியையும் கட்டைவிரல் ஓரத்தையும் பிரம்பிடமிருந்து அது காப்பாற்றாது.

வாங்கறதுக்கு முன்னாடி கட்டைவிரல் பாதுகாப்பை எப்படிச் சோதிக்கிறது?

கையுறையை மாட்டி, உங்கள் சொந்தக் குச்சியை நீங்கள் வழக்கமாகப் பிடிப்பது போலப் பிடியுங்கள். கையை விரித்து வைத்துப் பார்ப்பதில் பயனில்லை, விரித்த கையில் எல்லாக் கையுறையும் முழுசாகத்தான் தெரியும். மூடினால்தான் ஓட்டைகள் வெளியே வரும். இப்போது இன்னொருவரை ஒரு குச்சியின் ஓரத்தால் கட்டைவிரலின் மேல், பக்கவாட்டில், நுனியில் என்று சுற்றிலும் அழுத்தச் சொல்லுங்கள். எங்கே குச்சியின் விளிம்பு நேராக எலும்பில் உறைக்கிறதோ அங்கே பாதுகாப்பு இல்லை. பிறகு லேசாகத் தட்டச் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். கடையில் நின்று ஓங்கி அடித்துப் பார்க்கும் வீரர்களும் உண்டு, அது வேண்டாம்.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் அந்த வளைவையும் பாருங்கள். பல கையுறைகளில் அங்கே வெறும் துணிதான். மற்ற எல்லாம் பிடித்திருந்து அது மட்டும் குறை என்றால் கெட்டியான நுரைத் துண்டைத் தைத்துக்கொள்ளலாம். கட்டைவிரலே பலவீனம் என்றால் அந்தக் கையுறையை விட்டுவிடுங்கள்.

அளவு எப்படிப் பார்க்கிறது? கொஞ்சம் பெரிசா வாங்கினா நல்லதுதானே?

இல்லை. பெரிதாக இருந்தால் விரல் உள்ளே நழுவும், மெத்தை முட்டியை விட்டு நகர்ந்து முட்டிக்கும் அடுத்த முட்டிக்கும் நடுவே போய் உட்காரும். சிறிதாக இருந்தால் கையை மூடும்போது விரல் நுனி முன்னால் முட்டி, அடி நேராக நகத்தில் இறங்கும். முஷ்டி மடக்கியபோது நுனியில் மிகச் சிறிய இடைவெளி, கைப்பட்டி மணிக்கட்டு முடிச்சை மூடும் நீளம், இவ்வளவுதான் அளவு. ஹாக்கி கையுறை அங்குலக் கணக்கில் வரும். பெரியவர்களுக்கு ஏறக்குறைய 13 முதல் 15 வரை. அது கையுறையின் மொத்த நீளம், உள்ளங்கைச் சுற்றளவு இல்லை.

கையுறை போட்டா குச்சி கையிலயே நிக்க மாட்டேங்குது, அபனிகோவும் வரல. என்ன பண்றது?

உள்ளங்கையில் இருக்கும் துணியின் தடிமனும் சேர்ந்து பிடியைப் பெருக்கிவிடுகிறது. இரண்டு வழி உண்டு. கையுறைக்கென்று பிடிப்பகுதி கொஞ்சம் மெலிந்த குச்சி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வது ஒன்று, உள்ளங்கைப் பக்கம் மெல்லிய தோல் மட்டும் இருக்கும் கையுறையாக வாங்குவது மற்றொன்று. சிலர் உள்ளங்கையை வெட்டியே எடுத்துவிடுவார்கள். பிடி அருமையாக இருக்கும், ஆனால் வெட்டிய இடத்திலிருந்து தையல் பிரிந்து விரல் மெத்தை தளர ஆரம்பிக்கும். வெட்டுவதென்றால் ஓரத்தை மறுபடி தைத்துவிடுங்கள்.

அபனிகோ, விசிறி அசைப்பது போல மணிக்கட்டால் மட்டும் அடிக்கும் அடி. அது வராததற்குக் காரணம் பெரும்பாலும் கைப்பட்டி. அகலமாகத் திறந்து, தளர்வாகத் தொங்கும் கைப்பட்டி இருந்தால் மணிக்கட்டு சுழலும். அப்படியும் வெறுங்கையில் வரும் அளவுக்கு வராது, அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். நுணுக்கமான மணிக்கட்டு வேலையைத் தனிப் பயிற்சியில் வெறுங்கையோடு செய்யுங்கள், கையுறை மோதலுக்கு மட்டும் இருக்கட்டும்.

நாங்க மெத்தை சுத்தின குச்சிதான் பயன்படுத்தறோம். அப்பவுமா?

லேசானது போதும், ஆனால் வேண்டும். நுரைக்கு உள்ளே பிரம்போ பிளாஸ்டிக் குழாயோ இருக்கிறது, நுரை தேயத் தேய அது வெளியே எட்டிப் பார்க்கும். மேலும் மெத்தைக் குச்சி என்றதும் எல்லோரும் கட்டுப்பாட்டை விட்டுவிட்டு வீசுவார்கள். அடியின் ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது, வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. மெத்தை மிச்சம் பிடித்ததை வேகம் தின்றுவிடும்.

பிள்ளைகளுக்கு மெத்தைக் குச்சி, அவர்கள் கை அளவுக்கான கையுறை இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். வளரும் எலும்பின் முனைகளில் இருக்கும் வளர்ச்சித் தட்டில் அடிபட்டால் பிற்பாடு விரல் கோணலாக வளர வாய்ப்புண்டு. அப்பாவின் கையுறையை மாட்டி அனுப்புவது, மேலே அளவு பற்றிச் சொன்ன காரணத்தாலேயே, சரிவராது.

கமகோங் குச்சி வாங்கியிருக்கேன். அதுக்கு எந்தக் கையுறை?

எதுவும் இல்லை. கமகோங் கருங்காலி வகையைச் சேர்ந்த மரம், பஹி பனை வகை மரம். இரண்டும் பிரம்பைவிடப் பல மடங்கு கெட்டி, எடையும் அதிகம். தனிப் பயிற்சிக்கு அருமையானவை, கைக்கு நல்ல பலம் தரும். ஆளுக்கு எதிராக வேகத்தோடு வீச அவை அல்ல. பிரம்பு அடிபட்டால் நார் நாராகப் பிரிந்து கொஞ்சம் அடியைத் தானே வாங்கிக்கொள்ளும், கெட்டி மரம் அப்படிச் செய்யாது, உடைந்தால் கூர்மையாகச் சிதறவும் செய்யும். அலுமினியப் பயிற்சி வாளுக்கும் இதே பதில்தான். கையுறையை நம்பி ஆயுதத்தைக் கனமாக்க வேண்டாம்.

ஒத்தைக் குச்சி ஆடும்போது குச்சி பிடிச்ச கைக்கு மட்டும் போட்டா போதாதா?

போதாது. குச்சி இல்லாத கை சும்மா இருப்பதில்லை. எதிராளியின் கையைத் தடுக்கும், தள்ளும், பிடிக்கும், அதற்காகக் கிட்டே கிட்டே போகும். குச்சிப் பிடிக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் புன்யோ என்ற அடிமுனையால் நெருக்கத்தில் இடிக்கும்போதும் அந்தக் கைதான் வாங்கும். அந்தக் கைக்கு மெலிதானது போதும் என்பவர்கள் இருக்கிறார்கள், விரலால் பிடிக்க வசதி என்பதால் அதில் நியாயமும் இருக்கிறது. மெலிதாக இருந்தாலும் விரல்களின் முதுகில் மெத்தை இருக்கட்டும்.

போட்டிக்குப் போறதா இருந்தா?

அமைப்புக்கு அமைப்பு விதி மாறும், பதிவு செய்வதற்கு முன் கேட்டுவிடுங்கள். 1989-ல் பிலிப்பீன்ஸின் செபுவில் முதல் உலகப் போட்டியை நடத்திய வெக்காஃப் (உலக எஸ்க்ரிமா காலி அர்னிஸ் கூட்டமைப்பு) அமைப்பின் முறையில், மெத்தை இல்லாத பிரம்பு, முகக் கம்பியுடன் தலைக்கவசம், நீளமான மெத்தை அங்கி, கையுறை எல்லாம் உண்டு. 2009-ல் குடியரசுச் சட்டம் 9850 மூலம் பிலிப்பீன்ஸ் அர்னிஸைத் தேசிய விளையாட்டாக அறிவித்தது. 2019-ல் அங்கே நடந்த தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டியில் மெத்தைக் குச்சி, வெறும் பிரம்பு இரண்டிலும் தனித்தனிப் பிரிவுகள் இருந்தன. எந்தப் பிரிவோ அதற்கேற்ற கையுறை. கெட்டி பிளாஸ்டிக் ஓடு வெளியே தெரியும் கையுறையைச் சில இடங்களில் அனுமதிக்க மாட்டார்கள், அதைக் கட்டாயம் விசாரியுங்கள்.

டாக் பிரதர்ஸ் காணொளியில லேசான கையுறையோட வெறும் பிரம்பை வச்சு வெளுக்கறாங்களே, அப்ப நமக்கு மட்டும் ஏன் இவ்வளவு கவசம்?

1980-களில் கலிஃபோர்னியாவில் உருவான குழு அது. ஃபென்சிங் முகமூடி, மெல்லிய கையுறை என்று வேண்டுமென்றே குறைவான கவசத்தோடு மோதுவார்கள். அடிபடும் என்று தெரிந்து, ஒப்புக்கொண்டு, எப்போதாவது ஒருநாள் கூடிச் செய்வது அது. வாரம் மூன்று நாள் வகுப்பு, மறுநாள் காலையில் தட்டச்சு செய்ய விரல் வேண்டும் என்பவர்களுக்கான அளவுகோல் அல்ல. ரசித்துப் பாருங்கள், கையுறை வாங்க அதைப் பார்க்காதீர்கள்.

நல்ல கையுறை போட்டதும் கையில அடி பட்டாலும் யாரும் கண்டுக்கறதே இல்ல. பயிற்சியே பொய்யா ஆகிடாதா?

ஆகும். கையுறையைப் பற்றிய கேள்விகளிலேயே முக்கியமானது இதுதான். கையில் விழுந்த அடியைப் பொருட்படுத்தாமல் உள்ளே புகுந்து தலையில் நாலு போடுபவர், கையுறை இல்லாவிட்டால் அந்த முதல் அடியிலேயே குச்சியைக் கீழே போட்டிருப்பார். சுத்தமாகக் கையில் விழுந்தால் குச்சியை மறு கைக்கு மாற்ற வேண்டும், அல்லது அந்தச் சுற்றை நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவையுங்கள். அடி வாங்கியவர்தான் ஒப்புக்கொள்ள வேண்டும், அடித்தவர் நச்சரிக்கக் கூடாது.

மிகத் தடித்த கையுறையில் பட்டதே தெரியாது என்பதும் ஒரு குறை. பட்டது உறைக்க வேண்டும், எலும்பு மட்டும் தப்ப வேண்டும். குச்சியைப் பறிக்கும் பயிற்சிகளுக்கோ கையுறை கிட்டத்தட்ட ஒத்தே வராது. கட்டைவிரலைச் சுற்றிப் பிடிப்பதும், புன்யோவை மாட்டி இழுப்பதும் மொத்தைக் கையுறையில் நடக்காது, நடந்தாலும் கையுறை வழுக்கியதால் நடந்ததாக இருக்கும். அதை மெதுவாக, வெறுங்கையோடு, தனியாகச் செய்யுங்கள்.

அடி பட்டுடுச்சு. எப்ப டாக்டர்கிட்ட போகணும்?

விரல் நுனி தொங்கிப்போய், தானாக நிமிர்த்த முடியவில்லை என்றால் அன்றே போங்கள். நுனியை நிமிர்த்தும் தசைநாண் அறுந்திருக்கலாம். வழக்கமாக 6 முதல் 8 வாரம் வரை கட்டைக் கழற்றாமல் நேராக வைத்திருக்கச் சொல்வார்கள், நடுவில் ஒருமுறை மடக்கினாலும் நாள் கணக்கு முதலிலிருந்து. மெதுவாக முஷ்டி மடக்கும்போது ஒரு விரல் இன்னொன்றின் மேல் ஏறினால் எலும்பு முறிந்து திரும்பியிருக்கலாம். கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில், மணிக்கட்டுப் பக்கம் ஒரு குழி தெரியுமே, அங்கே அழுத்தினால் வலிக்கிறதா? முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்று வீட்டோடு இருந்துவிடாதீர்கள். அங்கே இருக்கும் சிறு எலும்பின் முறிவு சில நாள் கழித்தே படத்தில் தெரிவதுண்டு.

நாத்தம் தாங்கல. துவைக்கலாமா? எப்ப மாத்தணும்?

பையிலேயே விட்டுவைத்தால் நாறத்தான் செய்யும். வகுப்பு முடிந்ததும் வாயை விரித்து நிழலில் காற்றாட வையுங்கள். நேர் வெயில் தோலை விறைப்பாக்கும். உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை ஒன்று போட்டால் வியர்வையை அது வாங்கிக்கொள்ளும், அதைத் துவைத்தால் போதும். நுரையைக் கட்டைவிரலால் அழுத்தி விடும்போது அது திரும்ப எழவில்லை என்றாலோ, பிளாஸ்டிக் தகட்டில் விரிசல் இருந்தாலோ மாற்றிவிடுங்கள். உள்ளங்கைத் தோல் மட்டும் தேய்ந்திருந்தால் ஒட்டுப் போடலாம். பழைய கையுறையை யாரிடமாவது வாங்கும்போதும் இதே சோதனைதான், கட்டைவிரல் சோதனையும் சேர்த்து.

எங்கிட்ட ஹாக்கி கையுறை இருக்கு, ஜோடியா ஆடறவர்கிட்ட மெல்லிசுதான். எவ்வளவு வேகத்துல ஆடலாம்?

வேகத்தை முடிவு செய்வது மெலிந்த கையுறைதான். நீங்கள் அவருடைய கைக்குத் தகுந்த வேகத்தில் அடிக்க வேண்டும், அவர் உங்கள் கைக்குத் தகுந்த வேகத்தில் அடிக்கலாம். இப்படி ஏற்றத்தாழ்வாக ஆடுவது சுதந்திர மோதலில் ஐந்து நிமிடம்கூட நிலைக்காது, சூடு ஏறியதும் இருவரும் ஒரே வேகத்துக்கு வந்துவிடுவீர்கள். அதனால் மோதலை விட்டுவிட்டு, ஒருவர் அடிக்க ஒருவர் தடுக்கும் பயிற்சியாக மாற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் தடுக்கும் சுற்றில் அவர் வேகமாக அடிக்கட்டும், முறை மாறும்போது கையுறையையும் கழற்றி அவரிடம் கொடுங்கள். அளவு பொருந்தினால்.